இறப்பு நிதிப் பதிவேடு, பக்கம் 43

என் சாவுக்கு இருபத்தையாயிரம்
கொடுத்திருக்கிறார்கள்.
ஆகஸ்ட் மூன்று, மாரடைப்பு.
பெற்றுக்கொண்டவர் மனைவி பேராச்சி,
இடது பெருவிரல் ரேகை.

அவள் எட்டாம் வகுப்பு. கையெழுத்துப் போடுவாள்,
கடைசி எழுத்துக்கு ஒரு வால் இழுத்து.

கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் மாடியில்
சென்னையிலிருந்து வந்த விசாரணை அதிகாரி
கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கிறார்.
'மாசானமுத்து நீங்கள்தானா?'
நான்தான் சார்.
சுடுகாட்டுச் சாமி பேரு, எங்க பக்கம் வைப்பாவ.
அவர் சிரிக்கவில்லை.
டைப் அடிக்கிறவர் சிரித்தார்.

ஆகஸ்ட் மூன்று
நயினார்குளம் மார்க்கெட்டில் ரெண்டு லாரி வெங்காயம்.
நூற்று நாற்பது மூட்டை என் கழுத்துக்கு மட்டும்.
மூட்டைக்கு ஒரு ரூபாய் சங்கத்துக்கு,
ஐம்பது காசு செயலாளர் ஊய்க்காட்டானுக்கு,
எதற்கென்று கேட்கக் கூடாத ஐம்பது காசு.
சீட்டு வாங்காதவன் கொக்கியைத் தொட முடியாது.
செத்த அன்றைக்கும் என்னிடம் பிடித்தார்கள்.
ரசீது இருக்கிறது,
வேர்வையில் நம்பர் மட்டும் அழிந்து.

என்னோடு அறுபத்திரண்டு பேர் செத்திருக்கிறோம்.
வராந்தா பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து
ஒருத்தன் பீடியில் இன்னொருத்தன் பற்றவைக்கிறோம்.

அதிகாரி வேறொரு பெயரைத் தேடுகிறார்.
தளவாய்.
பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார்.

இருக்காது சார்.
பொதுக்குழுவில் எழுந்து
கணக்கைக் காட்டுங்கள் என்றவன் அவன்.
நாலாம் நாள் தச்சநல்லூர்த் தண்டவாளத்தில் கிடந்தான்.
அவன் பெண்டாட்டி சங்கத்துக்குப் போய் நின்றபோது
மூணு மாசச் சந்தா பாக்கி,
நிதி கிடையாது தாயி, என்றார் ஊய்க்காட்டான்.
டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

'ரயிலில் அடிபட்டதாகத்தானே எழுதியிருக்கிறது?'

ஜன்னலுக்குக் கீழே வேப்பமரத்தடியில்
ரெண்டு பைக், இஞ்சின் அணைக்காமல்.
காலையிலிருந்தே நிற்கின்றன.
தண்ணீர் கேட்டேன். கொடுத்தார்கள்.

தண்டவாளத்திலிருந்து அவனைத் தூக்கினது நான்தான் சார்.
தூக்குகிறதுதானே தொழில்.
ஒரு மூட்டை அரிசி கனம்கூட இல்லை.
கை ரெண்டும் பின்னால், சணல் கயிறு.
ரயிலுக்குக் கட்டத் தெரியாது.
அந்த முடிச்சு எங்க மார்க்கெட் முடிச்சு,
இழுக்க இழுக்க இறுகும்.
எனக்கும் போடத் தெரியும்.
எழுதிக்கிடுங்க.

டைப் சத்தம் கொஞ்சம் நின்று
பிறகு மெல்லத் தொடங்கியது.

ராத்திரி விளக்கை அணைத்த பிறகு
பேராச்சி கேட்டாள்:
'அந்த இருபத்தையாயிரத்த
நம்மகிட்ட திருப்பிக் கேப்பாவளோ?'