எண் நாற்பத்தேழு

லீட்ஸ் ஸ்டூடியோ, பிப்ரவரி, காலை ஆறரை.
வெள்ளைச் சட்டைகளைத் தேயிலைச் சாயத்தில் முக்கிக்கொண்டிருக்கிறேன்.
தும்பை வெள்ளை என்றால் கேமராவுக்குக் கண் கூசும்.
முப்பத்தாறாம் வருஷத்தில்
எல்லோரும் கொஞ்சம் பழுப்பாகத்தான் இருந்தார்கள் என்று
நாடே நம்பிவிட்டது, என் வாளியால்.

எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வருவார்.
நிஜத்தில் ஜெரால்ட் டிரான்டர், மூட்டுவலிக்காரர்.
காலரைத் தனியே மாட்ட வேண்டும்,
முன்னால் ஒரு பித்தளைக் குமிழ், பின்னால் ஒன்று.
"மூச்சு விடலாமா, எனிட்?"
"வசனத்துக்கு மட்டும்."
கால்சட்டை தொப்புளுக்கு மேலே ஏறும்.
ஜிப் கிடையாது, ஐந்து பொத்தான்.
அவசரமென்று அவர் ஓடும் நாட்களில்
அந்தக் காலத்து ஆண்களின் பொறுமையை வியப்பேன்.
வெயிஸ்ட்கோட்டின் கடைசிப் பொத்தானைப் போடமாட்டேன்.
ஏதோ ஒரு ராஜாவின் தொப்பையால் வந்த வழக்கமாம்.
தப்பித்தவறிப் போட்டுவிட்டால்
ஹாரோகேட்டிலிருந்து ஒரு கர்னல் கடிதம் எழுதுவார்,
பச்சை மையில்.

இன்று நூலகத்தில் பிணம்.
பிணம் வால்ட்டர் ஸக்டன், நாளுக்குப் பதினெட்டு பவுண்ட்,
சாப்பாடு தனி.
இருப்பதிலேயே நல்ல கோட்டை அவருக்குக் கொடுத்தேன்:
மீன்முள் வரி ட்வீட், பிராட்ஃபோர்டில் நெய்தது,
ஏலத்தில் ஒரு மூட்டையோடு வந்த அசல் பழசு.
உள்பையில் தையற்கடைச் சீட்டு, மங்கிய மையில்:
எச். ஆலரன்ஷா, 11 மார்ச் 1936.

கேமரா ஓடுகிறது.
இன்ஸ்பெக்டர் குந்துகிறார். முழங்கால் நொடிக்கிறது,
ஒலிப்பதிவாளர் முகம் சுளிக்கிறார்.
கோட்டுக் கையை இரு விரலால் தொட்டு,
"இவர் ஒருநாளும் உழைத்ததில்லை, சார்ஜென்ட்.
துணியே சொல்கிறது."

துணி அப்படிச் சொல்லவில்லை.
இடது தோளில் மட்டும் பஞ்சு கூடுதல்.
ஒரு பக்கம் தாழ்ந்த ஆள், எதையோ நெடுங்காலம் சுமந்த ஆள்.
அக்குளில் உள்துணிக்கு மூன்று ஒட்டு.
முதல் இரண்டும் ஒரே கை, எறும்பு ஊர்ந்த மாதிரித் தையல்.
மூன்றாவது வேறு கை. வேறு நூல்.
ஊசி பிடித்துப் பழகாதவர் கை.
அவரே தைத்திருக்கலாம்.
தைத்துக் கொடுத்தவர் அதற்குள் இல்லாமல் போயிருக்கலாம்.

இயக்குநரிடம் போய்ச் சொன்னேன்.
"பிரமாதம், எனிட். பிணத்துக்கு டை கோணலா இருக்கு பார்."

டையைச் சரிசெய்யும்போது
சில்லறைப் பையில் விரலுக்கு ஏதோ தட்டியது:
தேய்ந்து பஞ்சான காகிதத் துண்டு, எண் 47.
தொப்பியை வாங்கி வைத்துக்கொண்டு கொடுக்கும் சீட்டு.
எந்த ஓட்டல், எந்த நடன அரங்கு, ஒன்றும் இல்லை.
"கூசுதும்மா" என்றது பிணம்,
கண்ணைத் திறக்காமல்.

இடைவேளையில் டிரான்டரிடம் காட்டினேன்.
வாரம் தவறாமல் கொலைகாரனைப் பிடிக்கிறவர்.
கண்ணாடியைத் தேடிப் போட்டு, இரண்டு பக்கமும் பார்த்து,
"ஐம்பத்தெட்டாம் பக்கம் வந்தாத்தான்
எனக்கு எதுவும் தெரியும்" என்றார்.
பிறகு பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி,
இன்ஸ்பெக்டரின் குரல் இல்லாமல்,
"தொப்பிய விட்டுட்டுப் போயிருக்கான், பாவம்.
வெளியே மழையோ என்னவோ."
பிஸ்கட் உடைந்து கோப்பைக்குள் விழுந்தது.

எல்லோரும் போனபின் ஏணி போட்டு
தொப்பி அலமாரியில் ஏறினேன்.
பவுலர் பதினொன்று, டிரில்பி இருபத்துமூன்று, ஹோம்பர்க் நான்கு.
ஒவ்வொன்றின் தோல்பட்டையையும் உள்ளிருந்து திருப்பினேன்.
யார் யாருடைய எண்ணெய்ப் பிசுக்கோ.
யார் யாருடைய முதலெழுத்தோ.
எச். ஓ. இல்லை.

அடுத்த வாரம் இதே கோட்டு கொலைகாரனுக்கு.
போன வருஷம் வங்கி மேலாளருக்கு,
கிறிஸ்துமஸ் அன்று பாதிரியாரின் தம்பிக்கு.
ஆலரன்ஷா இதுவரை
இரண்டு தடவை தூக்கில் தொங்கியாயிற்று.
சீட்டை எடுத்த பையிலேயே வைத்து
வாயை ஒற்றை நூலால் பிடித்தேன்,
இழுத்தால் வந்துவிடும்படி
தளர்வாக.