பாலம் தூக்கிய நேரம்

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு.
இடுப்பில் சுருக்குப்பை செருகிய இடத்தில்
இப்போது இது.
இரண்டு வயர், நான்கு வில்லை.
நடுமுதுகுக்குக் கீழே நண்டு கவ்வியபடியே இருக்கிற இடத்துக்கு
இரண்டு பக்கமும் காவல்.

பொத்தானை அழுத்தினால் முதலில் எறும்பு.
அப்புறம் தகரக் கூரையில் தூறல்.
ஏழில் வைத்தால்
சாளைக் கூட்டம் மொத்தமாய்த் திரும்பும்போது
தண்ணீர் தோலில் உரசுமே, அது.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
எலும்புப் படத்தைச் சன்னலுக்கு நேரே பிடித்துக்கொண்டு
பிசியோ பிரிவு ஷிஃபானா சொன்னாள்:
"அக்கா, இது எதையும் குணமாக்காது.
உங்க ஊர்ப் பாலத்தைத் தூக்கி வைக்கும், அவ்வளவுதான்.
கப்பல் போறமட்டும் ரயில் மண்டபத்துல நிக்கும்ல?
வலிதான் ரயில்."

ரத்தா என்று கேட்டேன்.
"தாமதம்" என்றாள்.
அதற்காகவே வாங்கினேன்.

மூவாயிரத்து இருநூறு.
பாசிக் கம்பெனி முன்பணத்தில் கழித்துக்கொள்வதாக ஏற்பாடு.
அமாவாசைக்கு ஆறு நாள், பௌர்ணமிக்கு ஆறு நாள் கடல்.
முப்பத்தோரு வருஷம்.
விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி,
மூச்சை அடக்கிக் குனிந்து குனிந்து
பாறையிடம் கடன் வாங்கிய முதுகு.
பாறை இப்போது வட்டி கேட்கிறது.

வேடிக்கை என்னவென்றால்
கடலுக்குள் வலி இல்லை.
தண்ணீர் என்னைத் தூக்கி வைத்துக்கொள்கிறது.
ஈரச் சாக்கோடு கரையில் முதல் அடி வைக்கிறேன்,
மணலில் உட்கார்ந்திருக்கிறது எனக்காக.
மெஷினோ தண்ணீர் பட்டால் செத்துவிடும்.
வள்ளத்தில் தூக்குச்சட்டிக்குள்
மூன்று பாலித்தீன் பை சுற்றி
ஊறுகாய்க்குப் பக்கத்தில் காத்திருக்கும்.

உப்புத் தோலில் வில்லை ஒட்டாது.
நல்ல தண்ணீர் குடம் பன்னிரண்டு ரூபாய்.
அதில் ஒரு செம்பு என் முதுகுக்கு.
துடைத்துவிடுவது காளீஸ்வரி.
"மாமியாளுக்குக்கூட இம்புட்டுச் செஞ்சதில்ல" என்பாள்.
ஒருநாள் தன் முழங்காலுக்கு இரவல் கேட்டாள்,
அரை ஆழாக்கு சீனி கேட்கிற குரலில்.

போன பௌர்ணமிக் கணக்கில் நாலாம் நாள்,
உலர்ந்த சேலைக்கு மாறி
எடைத் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.
வனத்துறைக்காரர் வந்தார்.
எந்தத் தீவு, எந்தப் பாறை, சாக்கில் என்ன.
சேலை மடிப்பில் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டார்.
"பேசுறதைப் பதிவு பண்றியா?"
வலி பேசுறதைத்தான் சார்.
நம்பவில்லை.
வில்லை இரண்டை உரித்து
அவர் முன்கையில் ஒட்டினேன்.
மூன்று. அப்புறம்
ஒரேயடியாக ஒன்பது.

தொப்பி மணலில் விழுந்தது.
விரல்கள் அவரைக் கேட்காமலே மடங்கின.
வலை பிரிக்கையில் கரண்டுத் திருக்கையைத் தொட்டவன்போல
தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.
பதினேழு பெண்கள் சிரித்தது
குந்துகால்வரை கேட்டிருக்கும்.

சாக்குகளைப் பிரிக்காமலே போனார்.
பொழுது சாயத் திரும்பி வந்தார்,
வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு.
"பைக்குலயே அலைச்சல். இந்த இடத்துல..."
சட்டைக்கு மேலாகத் தொட்டுக் காட்டினார்.
நாலாம் எலும்புக்கும் ஐந்தாம் எலும்புக்கும் நடுவே.
என் இடம்.
"எவ்வளவு ஆச்சு?"

விலையைச் சொன்னேன். ஷிஃபானா பேரைச் சொன்னேன்,
செவ்வாய், வெள்ளி என்று கிழமையும் சொன்னேன்.
பாலத்துக் கதையைச் சொல்லவில்லை.
அதை அவளே சொல்லட்டும்.
அடுத்த தடவை சாக்கைப் பிரிப்பாரா மாட்டாரா,
அது எனக்குத் தெரியாது.

இப்போது இரவு. கொண்டல் காற்று.
சாயங்காலத்திலிருந்து கரண்டு இல்லை.
சார்ஜ் ஒரே ஒரு கோடு நிற்கிறது.
நான்கில் வைத்திருக்கிறேன், சிக்கனமாக.
இடுப்பில் தூறல் மெலிந்துகொண்டே வருகிறது.

தூரத்தில் இரும்பு அதிர்கிற சத்தம்.
மண்டபத்திலிருந்து கிளம்பிவிட்டது.