எத்தனை சொல்?

பதினெட்டாம் மாதப் பக்கத்தில்
முதல் மூன்று கேள்விக்கு
மிசி நோராய்னியே பதில் போட்டுக்கொண்டாள்.
நடக்கிறாளா? எடைத் தராசில்
ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள் நிலாஷினி.
கட்டையை அடுக்குகிறாளா? ஆமாம்.
கூப்பிட்டால் திரும்புகிறாளா? ஆமாம்.
நான்காவது என்னிடம் வந்தது.
எத்தனை சொல் பேசுகிறாள்?

லாபிஸ் கிளினிக்கின் நீல நாற்காலியில்
விழித்தேன்.
செம்பனைக் குலை எத்தனை டன் என்று
டயர் அமுங்குவதைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.
இது தெரியவில்லை.

நான் கிளம்பும்போது தூங்குவாள்.
மில் வாசலில் லாரி வரிசையில் காத்து,
கடைசிக் குலையைக் கொட்டிவிட்டு
வரும்போதும் தூங்குவாள்.
போர்வைக்கு வெளியே கால் மட்டும்
நேற்றைவிட நீளமாக.

பிறந்தபோது ஏழு நாள் விடுப்பு.
சட்டமே சொன்னது, யூனியன் நோட்டீசும் சொன்னது.
ஐந்தாம் நாள் மழை விட்டது.
குலை அழுகுது, வாப்பா என்றார் மண்டோர்.
போனேன்.
மிச்ச இரண்டு நாளை
இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.

இந்த முறை புஷ்பலீலாவுக்கு லீவு இல்லை.
கையுறை ஃபேக்டரியில்
மூன்று எடுத்துவிட்டாள்; நாலாவதுக்குக் கடிதம் வரும்.
பாரத்தில் காரணம் எழுத ஒரே ஒரு கோடு.
வயிற்றுப்போக்கு என்று எழுதிப் பழகிய கை
'மகள்' என்று எழுதியது.
கிராணி கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.
"ஊசி போட வேற ஆள் இல்லையா?"
"நான்தான் ஆள்."

ஃபோன் போட்டேன். மெஷின் சத்தத்துக்குள் புஷ்பா:
"ம்மா. தா. பா."
"பா, அப்பாதானே?"
"பால்."

பக்கத்து லயத்து காக் ரொஹாயா
குரல்பதிவு அனுப்பினாள்.
நாக். தாக் நாக். குச்சிங்.
வேண்டும், வேண்டாம், பூனை.
எந்த மொழியானாலும் சொல் சொல்தான் என்றாள் மிசி.
சரிதான். நாக்கு எங்களுடையது,
நாக் அவர்கள் கொடுத்தது.
வேண்டாம் என்று சொல்ல
என் மகள் ஒரு வீடு தள்ளிப் போய்க்
கற்றிருக்கிறாள்.

அந்த வீட்டுக்கு மாதம் இருநூற்றைம்பது வெள்ளி.
ஆயாக் கொட்டகையைத் திறக்கக் கேட்டோம்.
பத்துப் பிள்ளை காட்டுங்கள் என்றது ஆபீஸ்.
எட்டுதான் தேறியது.
இந்தோனேசியக்காரர் வீடுகளில் நாலு உண்டு,
பிறந்த காகிதம் இல்லை;
ஓடியாடி விளையாடினாலும்
கணக்கில் வரமாட்டார்கள்.
கொட்டகையில் பகல் தூக்கம்
உரமூட்டைகளுக்கு.

ஆறு என்று மிசி எழுதப் போனாள்.
வெளியே ஏதோ வேன் பின்னால் வந்தது.
தராசிலிருந்து இறங்கி,
காது நிமிர்ந்த ஆட்டுக்குட்டிபோல் நின்று,
என் நெஞ்சுச் சட்டையைத் தொட்டு
"பீப்" என்றாள்.
மறுபடி, என்னையே பார்த்து,
"பீப். பீப்."

நடுச்சாமத்தில் லயத்து முனையில்
லாரியைப் பின்னெடுத்து நிறுத்துவேன்.
தூங்குகிறாள் என்றல்லவா
நினைத்திருந்தேன்.

"இது சொல்லா, மிசி? வெறும் சத்தமா?"
பேனாவைக் கொஞ்ச நேரம் தூக்கியே வைத்திருந்தாள்.
"அவளுக்கு அது யாரோ ஒரு ஆள் என்றால்
சொல்."
ஏழு என்று எழுதி,
பிங்க் புத்தகத்தை என்னிடம் நீட்டினாள்.

வருகைப்படி ஐம்பது வெள்ளி வெட்டு
மாதக் கடைசியில் வந்தது. வரட்டும்.
சம்பளச் சீட்டை அந்தப் பக்கத்திலேயே செருகியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் வெளிச்சம் இருந்தது,
லாரி இல்லை.
கடைக்குப் போய் ரொட்டி வாங்கி
லயத்து முனையிலிருந்து வீடுவரை
முதுகு காட்டிப் பின்னாலேயே நடந்தேன்,
வாயால் பீப் பீப் என்று அடித்துக்கொண்டு.
காக் ரொஹாயா சிரித்தாள், கோழி ஒதுங்கியது.
பின்னங்காலில் எதுவோ வந்து மோதும்வரை
நான் திரும்பிப் பார்க்கவில்லை.