ஹாயிரில் ஒரு ஜிலேபி

ரியாத் குளித்துக் கழுவிய தண்ணீர்
சுத்திகரித்துத் தெற்கே விட்டதும்
ஹாயிரில் ஆறாகிவிடுகிறது.
நாணல்கூட முளைத்திருக்கிறது.
வெள்ளிக்கிழமைகளில்
தூண்டிலோடு நாங்கள் முளைக்கிறோம்.

ஷம்சீருக்கு ரொட்டி உருண்டை.
தில் பகதூர் மாவில் பூண்டு பிசைவான்.
நான் மண்புழு வேண்டுமென்று
கேம்ப்பின் ஏசித் தண்ணீர் சொட்டும் இடத்தைத் தோண்டினேன்.
மூன்று கிடைத்தன. இந்த மண்ணில் அதுவே வேட்டை.

கெளுத்தி வரும். கெளுத்திக்கு எதுவும் சம்மதம்,
கோழிக்குடல், சோப்புத் துண்டு.
இந்த ஜிலேபிக் கெண்டைதான்
முழங்கால் ஆழத்தில், என் நிழலுக்கு
ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு
வராது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
தண்ணீர் தெளிவு, தங்கூசி தெரிகிறது.
கரையெல்லாம் சரளை; நான் கால் மாற்றினால்
அதன் விலாவில் இடி இறங்கும்.
பசியும் கிடையாது. கல்லுக்குக் கல் பாசி,
விடிந்ததிலிருந்து மேய்கிறது.
வாயோ சட்டைப் பொத்தான் அளவு:
உறிஞ்சி, ருசித்து, துப்பிவிடும்,
மிதப்பு அசைவதற்குள்.

இத்தனையும் போக
இந்த ஒன்றுக்கு மேலுதடு கிழிந்திருக்கிறது.
யாரோ ஒருமுறை இழுத்திருக்கிறான்.
மாவுக்குள் இரும்பு இருக்குமென்று
அதற்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"பாசியையே கட்டிப் பாரேன்" என்றான் பகதூர்.
கட்டினேன்.
டக்ட்டுக்கு இன்சுலேஷன் சுற்றும் கை இது,
கொக்கி இருந்த இடமே தெரியவில்லை.

வந்தது.
ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது.
செவுள் இரண்டு தடவை திறந்து மூடியது,
எனக்கும் மூச்சு அதே கணக்கில்.
பிறகு, கொக்கிக்கு வெளியே தொங்கிய நுனியை மட்டும்
கடித்துக்கொண்டு போனது.

ஷம்சீர் சிரித்தான்: "படிச்ச மீன்."

நானும் படித்தவன்தான். டிப்ளமோ.
முதல் விசாவை விழுங்கியபோது தெரியாது என்று சொல்லலாம்.
இரண்டு வருடம், பாதிச் சம்பளம்,
எப்படியோ அறுத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தேன்.
ஏழே மாதம்.
அதே திருச்சி அலுவலகம், அதே ஏஜென்ட்,
மேஜையில் அதே பிளாஸ்டிக் விமானம்.
இந்தத் தடவை தாளை வரிவரியாக முகர்ந்துவிட்டுத்தான்
கையெழுத்துப் போட்டேன்.
நுனியை மட்டும் கடிக்கும் வித்தை
வரவில்லை.

மக்ரிப் ஆகிறது.
வாளியில் கெளுத்தியை எண்ணுகிறார்கள், ஏழு.
பஸ்காரன் ஹாரனை விடாமல் அழுத்துகிறான்.
மிச்சப் பாசியைத் தண்ணீரில் போட்டேன்,
சும்மா, கொக்கி இல்லாமல்.

அதற்கும் வரவில்லை.