ஒரு அளவு சின்னது

ஞாயிறு காலை பாதுவாவிலிருந்து வேன் வரும்.
கிஷினாவ் பேருந்து நிலையத்தின் பின்புறம்
பெட்டிகளை இறக்கிக்கொண்டே டிரைவர் கூவுவான்:
வியோரிகா, வியோரிகா யாரு?
கை தூக்கியபோது எனக்கு எட்டு வயது.
பெட்டிக்குள் காப்பித்தூள், பாஸ்தா,
யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்டிய கையால்
அம்மா மடித்து வைத்த ஸ்வெட்டர்,
ஒரு ஜோடி ஷூ.

ஷூ எப்போதும் ஒரு அளவு சின்னது.

விட்டுப்போன காலை மனத்தில் வைத்து
குத்துமதிப்பாய்க் கொஞ்சம் கூட்டி வாங்குவாள்.
கால் அதற்குள் அவளைத் தாண்டிப் போயிருக்கும்.
போனில் கேட்பாள்: சரியா இருக்கா?
கச்சிதம், அம்மா.
விரல்களை மடக்கி நடக்கப் பழகினேன்.
பழகினால் வலிக்காது என்பது பொய்.
பழகினால் சொல்ல வராது, அவ்வளவுதான்.

முப்பத்தொன்றில், டிராலிபஸ் ஓட்டும் வேலையில்,
ஒரு பனிக்காலம் முழுக்கத் தூக்கம் போய்
ஸ்டெலியானாவின் அறைக்குப் போனேன்.
மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது.
முதல் ஏழு வாரம் பஸ்ஸைப் பற்றியே பேசினேன்:
மின்கம்பியிலிருந்து கொம்பு நழுவுவது,
கையுறை மாட்டி இறங்கி, கயிற்றை இழுத்து
மறுபடி அதைக் கம்பியில் ஏற்றுவது.
அவர் குறுக்கிடவில்லை.
உள்ளே விளக்கெல்லாம் அணைந்திருக்குமே,
அப்போது என்ன செய்வார்கள் என்று மட்டும் கேட்டார்.
காத்திருப்பார்கள் என்றேன்.
நீங்கள்?
நான்தானே ஓட்டுநர்.

அது பதிலே இல்லை என்று
வீட்டுக்குப் போகும் வழியில்தான் தெரிந்தது.

ஆகஸ்டில் மூன்று வாரம் விடுப்பு என்றார்.
சீட்டில் எழுதிக் கொடுத்தார்:
செப்டம்பர் இரண்டு, மாலை ஐந்து.
அம்மாவும் ஒரு நாள் சொல்லித்தான் போனாள்.
ஈஸ்டருக்கு வருவேன் என்றாள்.
எந்த ஈஸ்டர் என்று கேட்கத் தோன்றவில்லை.
சீட்டைக் கிழித்தேன். இனி வரமாட்டேன்
என்று செய்தி அனுப்பினேன்.
போகிறவர் போவதற்குள் நான் போயாக வேண்டும்.
பதில் வந்தது:
கோபம் வரத்தான் செய்யும். அந்த நேரம் உங்களுடையது.
நீங்கள் வராவிட்டாலும் நான் அறையில் இருப்பேன்.

ஐந்தே முக்காலுக்குத்தான் படியேறினேன்.
மிச்சம் ஐந்து நிமிடம்.
கதவு திறந்திருந்தது. அவர் இருந்தார்.
வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது.
கடலுக்குப் போனீர்களா?
போனேன்.
என்னை நினைத்தீர்களா என்பது தொண்டை வரை வந்தது.
வாயை மூடிக்கொண்டேன்.
ஷூவுக்குள் விரல்கள் மடங்கின.
அவர் குனிந்து பார்த்தார்.
என்ன அளவு போடுகிறீர்கள், வியோரிகா?
முப்பத்தொன்பது.
உங்கள் கால்?

எட்டு வயதுக்காரி ஒருத்தி ஷூவைக் கழற்றினாள்.
முப்பத்தொரு வயதுக்காரி அவளைத் தடுக்கவில்லை.
சரியாக ஐந்து ஐம்பதுக்கு முடித்துவிட்டார்,
அடுத்த செவ்வாய் என்றார்.
அதை நம்பியது கால்தான். நான் அல்ல, இன்னும் அல்ல.

ஞாயிறன்று அம்மாவை அழைத்தேன்.
பின்னால் ஏதோ ஒரு கிழவி
இத்தாலியனில் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள்.
அம்மா, என் கால் நாற்பது.
நாற்பதா, ஆம்பளைக் கால் மாதிரி என்று
சிரிக்க ஆரம்பித்தாள், பாதியில் நின்றது.
எப்போதிருந்து?
கிழவி மறுபடி கேட்டாள்.
கொஞ்சம் இருங்கள் என்று
அம்மா சொன்னது அவளிடம்.