அட்டை

இன்றைக்கு என் பெயர் 'ஆண், நாற்பது.'
கழுத்தில் தொங்கும் அட்டையில் அப்படித்தான் இருக்கிறது.
இடது தொடை எலும்பு முறிவு.
உடல் குளிர்ந்துள்ளது.
கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டார்.
ஜெசிந்தாவின் கையெழுத்து,
'குளிர்ந்துள்ளது'க்கு இரண்டு புள்ளி குறைவு.

மார்கழி பதினொன்று, இரவு எட்டே முக்கால்.
மஞ்சக்குட்டைக்குக் கீழே
பழம் பறித்து முடித்த காபிச் சரிவில்
என்னைப் படுக்கவைத்துவிட்டுப் போனார்கள்.
நிஜமாகவே ஏதாவது ஆனால் ஊதச்சொல்லி ஒரு விசில்.
எதுவரைக்கும் நிஜமில்லை என்று சொல்லவில்லை.

மூடுபனி முதலில் சில்வர் ஓக்குகளின் தலையை எடுத்தது.
அப்புறம் மிளகுக் கொடியை.
அப்புறம் என் ஷூக்களை.
சேலம் இருக்கவேண்டிய பள்ளத்தில்
ஈரத்துணியில் சுற்றிய டார்ச் மாதிரி
கொஞ்சம் வெளிச்சம் ஊறிக்கிடந்தது.
கணுக்காலில் இன்னொரு அட்டை ஏறியது.
இதற்கு எழுதப் படிக்கத் தெரியாது,
ஆனால் நான் உயிரோடிருப்பது தெரிந்திருந்தது.

ஒன்பதரைக்கு வந்தார்கள்.
கைக்குக் கை எட்டுகிற தூரம், பத்தடிக்கு ஒருமுறை நின்று
கூப்பிட்டார்கள்.
பிறகு ஒரு நிமிடம் வாயை மூடினார்கள்.
கூப்பிடுவது சுலபம்,
மூடுவதைத்தான் மதியம் முழுக்கப் பழக்கியிருந்தார் நிலைய அலுவலர்.
ஆறு பேர் மூச்சை அடக்கும் சத்தம்
எனக்குத் தெளிவாகக் கேட்டது.
பதினைந்தடி. நாக்கு நுனிவரை வந்த 'இங்கே'யை
விழுங்கினேன், எச்சில் சூடாக இருந்தது.

ஒரு டார்ச் என் முகத்தில் ஏறி
முகத்தைத் தாண்டிப் போனது.

இருசப்பன் என் கையை மிதித்ததால்தான் அகப்பட்டேன்.
"சார், கிடைச்சிட்டாரு!"
தொலைந்த வண்டிச்சாவி கிடைத்த மாதிரி.
முதுகுக்கடியில் பாய் தள்ளினார்கள்,
குளிர் வானத்திலிருந்து வருவதில்லை, மண்ணிலிருந்து வருவது.
மூங்கில் வைத்துக் காலைக் கட்டினார்கள்.
ஒண்ணு, ரெண்டு, தூக்கு.

ஸ்ட்ரெச்சரில் படுத்தவனுக்கு
உலகம் என்பது ஆறு தாடைகள்.
ஆறு தாடைகளிலிருந்தும் புகை.
கல்லு, பாத்து.
வேர் இருக்குப்பா.
தவமணி சீட்டு எடுத்துவிட்டாளாம், தள்ளுபடி அதிகமாம்.
நாகலூர்க் கடையில் இந்நேரத்துக்குப் பரோட்டா மிஞ்சியிருக்குமா.
எனக்கு மேலே பேசினார்கள்,
என்னைத் தாண்டிப் பேசினார்கள்,
நான் ஒரு பீரோ.

போன ஆடியில்
பதினாலாவது கொண்டை ஊசி வளைவில் உருண்ட பால் வேன்.
முன் இடது மூலை என்னுடையது.
பள்ளத்திலிருந்து ரோடு வரை நாற்பது நிமிடம்,
வெள்ளையனிடம் என் பைக்கின் செயின் செட்
என்ன விலை என்று பேசிக்கொண்டே ஏறினேன்.
அந்த ஆளின் கண் திறந்திருந்தது.
நினைவில்லை என்று நினைத்தேன்.
ஆம்புலன்ஸில் ஏற்றியதோடு சரி,
பிறகு யாரும் விசாரிக்கவில்லை.
செயின் செட் ஆயிரத்து எண்ணூறு. அது ஞாபகமிருக்கிறது.

ரோட்டில் இறக்கினார்கள்.
ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம் என்று வாசித்தார் அலுவலர்,
தவறுகளையும் வாசித்தார்: கயிறு, வரிசை, மிதித்த கை.
"அடிபட்டவர் ஏதாச்சும் சொல்லணுமா?"
எல்லோரும் சிரித்தார்கள்.
அட்டைப்படி நான் பேசக்கூடாது.
உப்பு தூவி, கணுக்கால் அட்டையை உதறினேன்,
ரத்தம் நிற்கவில்லை,
சுக்குக் காபி வாங்கிக்கொண்டேன்.

இரண்டாவது சுற்று பதினோரு மணிக்கு.
இம்முறை அட்டை ஜெசிந்தாவின் கழுத்தில்.
கண்டுபிடிக்க அரைமணி.
தூக்கும்போது பழைய இடத்துக்கே போனேன், முன் இடது மூலை.
பனியில் என் முழங்கையே எனக்குத் தெரியவில்லை.
வெள்ளையன் ஏதோ ஆரம்பித்தான், பதில் சொல்லவில்லை.

ஜெசிந்தா,
இங்க ஒரு கல்லு, கொஞ்சம் ஆடும்.
இப்ப இறக்கம்.
ரோடு இன்னும் தெரியல.
தெரிஞ்சதும் சொல்றேன்.

அட்டையில் உள்ளபடி
அவள் பதில் சொல்லவில்லை.