நீர்

அன்றைக்குக் கூழாவடிக்குளத்தில் பதினான்கு அடி தண்ணீர்.
சிறுபோகக் கூட்டம் பத்து மணிக்கு.
குறிப்பெழுதுகிறவள் நான்.

வாயில் வருவதைக் கொப்பிக்குள்
வேறொன்றாக்குவது என் வேலை.
'உந்த வாய்க்காலைத் துப்புரவாக்காமல்
துருசைத் திறந்து என்ன பிரயோசனம்'
என்று ஒருவர் எரிந்து விழுவார்.
'துப்புரவின் அவசியம் வலியுறுத்தப்பட்டது.'
'எங்க பக்கம் தண்ணியே வரலைங்க' என்று
பின்வாங்கிலிருந்து அங்கமுத்து மாமா எழும்புவார்,
எழும்பும்போதே பாதி இருந்துவிடுவார்.
'கடைமடை விவசாயிகள் கருத்துத் தெரிவித்தனர்.'
என் கொப்பியில் 'கோ' இல்லை, 'ங்க' இல்லை.
எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்தில்
ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள்.

மண்டபத்தில் அப்படியில்லை.
முன்வரிசையில் விநாசித்தம்பியர்.
தகப்பன் வட்டவிதானை.
பெயரின் வாலில் ஒரு 'அர்', கேளாமலே ஒட்டும்.
அங்கமுத்தர் என்று ஒருவரும் சொன்னதில்லை.
சொல்லிப் பாருங்கள், சிரிப்பு வரும்.
அந்தச் சிரிப்பு எழுபத்தேழில்
லிந்துலையிலிருந்து லொறி வந்து நின்ற அன்று தொடங்கியது.

தன்னைப் போன்றவர்களுக்கு அவர் 'நீங்கள்' என்பார்.
எனக்கும், கடிதம் எழுதத் தெரிந்த
இன்னும் நாலைந்து பேருக்கும் 'நீர்'.
எங்கள் பக்கத்து மற்றவர்களுக்கு
எழுபது வயதானாலும் 'நீ'.
துருசு ஒன்று, வாய்க்கால் மூன்று.

புதிதாக வந்த பொறியியலாளர்
அனுராதபுரத்தில் ஆறுமாத வகுப்பில் தமிழ் படித்தவர்.
யாரைக் கண்டாலும் 'நீங்கள்'.
உள்ளே வந்த நாயையும் 'வெளியே போங்கள்' என்றார்.
முன்வரிசை சிரித்தது.
பின்வரிசை சிரிக்கவில்லை.

ஒரேயொருமுறை இது குழம்பிக் கிடந்தது.
முகாமில் பவுசர் வரும், வாளிகளோடு வரிசை.
'நீ தள்ளு, நான் மொதல்ல வந்தேன்.'
அங்கமுத்து மாமா சொன்னார், விநாசித்தம்பியருக்கு.
அவர் தள்ளியும் நின்றார்.
தறப்பாளைக் கழற்றிக்கொண்டு ஊருக்கு வந்தோம்.
முதலில் வேலி வந்தது, பிறகு மின்சாரம்,
பிறகு 'நீர்'.

எனக்கு இரண்டு வாய்.
வீட்டில் 'சாப்டீங்களா'.
பாலம் தாண்டினால் 'சாப்பிட்டியளே'.
எட்டாம் வகுப்பில் 'வந்தேன்' என்றேன்,
வகுப்பே திரும்பிப் பார்த்தது.
அடுத்தநாள் 'வந்தனான்'. ஒருவரும் திரும்பவில்லை.
அம்மா மட்டும் இன்னமும் திரும்பிப் பார்ப்பாள்,
அலுவலகத்தோடு நான் கைப்பேசியில் கதைக்கையில்.
என் மகள் இரண்டையும் விட்டுவிட்டாள்.
அவளுக்கு எல்லாமே 'செம',
ஏதோ தொலைக்காட்சிப் பெண்ணின் குரலில்.

அந்தக் கூட்டத்தில் தங்கரூபி எழும்பினாள்.
அங்கமுத்து மாமாவின் மகள்.
ஆடைத் தொழிற்சாலையில் நாற்பது பேரை வேலை வாங்குகிறவள்,
சம்பளத்தில் இரண்டு ஏக்கரை ஈடு மீட்டவள்.
'போன வருசம் எங்கட பக்கம்
ஒருக்காக்கூடத் தண்ணி வரேல்லை.
துருசுத் திறப்பு ஆரிட்ட இருந்தது?
நீர் சொல்லும் பாப்பம்.'

நீர்.
விநாசித்தம்பியருக்கு, கையும் காட்டி.
மின்விசிறி சுற்றியது.
ஒருவர் இருமினார், இருமல் வராமல்.
பொறியியலாளர் என் பக்கம் குனிந்து கேட்டார்:
'தண்ணீரைப் பற்றியா சொல்கிறார்?'
ஓம் என்றேன்.

'திறப்பின் பொறுப்புத் தொடர்பாக
செல்வி அ. தங்கரூபி வினா எழுப்பினார்.'
அவ்வளவுதான் எழுத முடிந்தது.
அதற்குக் கீழே இரண்டு வரி வெறுமையாக விட்டேன்,
ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

துருசு ஏப்ரல் பத்தில் திறந்தது.
முதல் முறை கடைமடைக்கு.

இப்போது தங்கரூபியை வழியில் கண்டால்
விநாசித்தம்பியர் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டுகிறார்.
'தண்ணி வந்ததோ?'
'விதைப்பு எப்ப?'
'பசளை எடுத்தாச்சோ?'
நீயுமில்லை, நீருமில்லை, நீங்களுமில்லை.
ஆளில்லாத வாக்கியங்கள்,
ஈர வரம்பில் செருப்போடு நடப்பதுபோல.

அந்த வாக்கியங்களை எனக்குத் தெரியும்.
பதினொரு வருசமாக நான் அவரோடு பேசுவது
அவற்றில்தான்.